நல்லவர்களைத் தேடாத படகு

எங்கள் நாட்டில் தரை கொஞ்சம், கடல்தான் நிறைய. ஒரு கடற்கரையில் சுருட்டைப் பற்றவைத்து நடந்தால் அது அணைவதற்குள் தீவின் மறுபக்கத்துக் கடற்கரை வந்துவிடும். ஆனால் கடலில் எங்கள் எல்லை எங்கேயோ தொலைவில் இருக்கிறது. அதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. அதைக் காப்பதற்காக ஒரு பெரிய நாடு எங்களுக்கு ரோந்துப் படகு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. படகு துறையில் கட்டியே இருக்கும். அதன் துருவைச் சுரண்டிச் சாம்பல் நிறச் சாயம் அடிப்பது என் வேலை. கடலும் சாம்பல், படகும் சாம்பல் என்றால் திருட்டு மீன்பிடிக் கப்பலுக்குப் படகு வருவது தெரியாதாம். துறையிலேயே கிடக்கிற படகு எப்படியும் அவனுக்குத் தெரியப்போவதில்லையே, அதற்கு எதற்குச் சாயம் என்று நான் கேட்டதில்லை. எதையும் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் எல்லைக் காவல் நிலையத்தில் எனக்குத் தூரிகையைக் கையில் கொடுத்தார்கள்.

கேட்காமல் இருப்பதுதான் அங்கே முதல் சட்டம். அது இதற்கு முன்பு இருந்த பழைய படகால் வந்த வினை. எங்கள் ஆட்களிடம் புபூசி என்று ஒரு வழக்கம். உறவுக்காரன் ஒருவன் முகத்துக்கு நேரே வந்து, "உன்கிட்ட புபூசி கேக்கறேன், இதைக் குடு" என்று சொல்லிவிட்டால் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தால், மறுத்தவனின் பேரன் பெண் கேட்டுப் போகிற வீட்டுக்கும் அந்தச் சேதி முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கும். தீவில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். அதனால் பழைய ரோந்துப் படகு வந்த வருஷமே கரைய ஆரம்பித்தது. தொலைநோக்கியை ஒரு சித்தப்பா வாங்கிக்கொண்டு போய்த் தன் பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்பதனப் பெட்டி ஓர் அத்தை வீட்டுக்குப் போனது. உயிர்காக்கும் சட்டைகளை ஒரு கல்யாணத்தில் தலையணைகளாகப் போட்டிருந்தார்கள். நானும் ஒன்றில் தலைவைத்துப் படுத்தேன், சுகமாகத்தான் இருந்தது. கடைசியில் கொடியைக்கூட யாரோ கேட்டு வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

புதுப் படகு வந்தபோது கூடவே நிபந்தனையும் வந்தது. படகைச் சேர்ந்த யாரிடமும் இனிமேல் எதையும் கேட்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களும் நிலையத்து அதிகாரிகளும் கூடிப் பேசி, காதில் விழாத புபூசி புபூசி ஆகாது என்று முடிவு செய்தார்கள். அன்று முதல் படைத் தலைவர் பராணிக்கோ என்ஜின் அறைக் காதுமூடியை மாட்டிக்கொண்டார். சாப்பிடும்போதும் அது தலையில் இருக்கும், ஜெபிக்கும்போதும் இருக்கும். வாசலில் நிற்பவர் சேதி சொல்வதை விட்டு எதையாவது கேட்கப் போவது போலத் தெரிந்தால், உடனே படகின் சங்கை ஊத வேண்டும் என்று காவலர் மொவான்ராய்க்கு உத்தரவு. மொவான்ராய்தான் வாசல் காவல், படகின் கணினித் திரையைப் பார்ப்பதும் அவன்தான், தேநீர் போடுவதும் அவன்தான். படையில் அவனுக்குக் கீழே யாரும் இல்லை.

என் தம்பி ரூவாத்து ஒரு திங்கட்கிழமை காலையில் பாறைத்திட்டுக்கு அப்பால் சூரை பிடிக்கப் போனான். பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. மறுநாள் ஊர்ப் படகுகள் எல்லாம் எண்ணெய் தீருகிற வரைக்கும் தேடிவிட்டு வந்தன. மோட்டார் நின்றிருக்கும், நீரோட்டம் மேற்கே இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். அவ்வளவு தூரம் போகக்கூடிய படகு தீவில் ஒன்றுதான் இருந்தது.

நானும் தம்பி பெண்டாட்டி தபேராவும் நிலையத்துக்குப் போனோம்.

வாசலில் மொவான்ராய் என் முகத்தை உற்றுப் பார்த்தான். "அண்ணே, வாயில என்ன வச்சிருக்கே?"

"பல்லு."

"அதில்லண்ணே. கேக்கறதுக்கு ஏதாச்சும் இருந்தா இங்கயே முழுங்கிட்டு உள்ள போ. என்னைச் சங்கு ஊத வச்சுடாதே. காலைல இருந்து எனக்குத் தலைவலி."

பராணிக்கோ என் தாய்மாமன் மகன். என்னைப் பார்த்ததும் ஒரு பக்கத்துக் காதுமூடியை விரல் கனத்துக்குத் தூக்கினார்.

"மச்சான், சேதியா சொல்லு. வேற எதுவும் வேணாம்."

"என் தம்பி கடல்ல இருக்கான்."

"நல்லது. கடல்தான் நம்ம சொத்து."

"நேத்து போனவன். மோட்டார் நின்னுருக்கணும்."

"மோட்டார்னா நிக்கத்தான் செய்யும்."

"படகு இங்க இருக்கு."

"அழகா இருக்கில்ல? எல்லாம் நீ அடிச்ச சாயம்."

"டேங்கு நிறைய எண்ணெய் இருக்கு."

"இருக்கு மச்சான். தொடாம வச்சிருக்கோம்."

"மச்சான்..." என்று இழுத்தேன். காதுமூடி டப்பென்று காதில் விழுந்தது. அவர் கண்ணில் ஈரம் இருந்ததைப் பார்த்தேன். கொஞ்சம் உரக்கவே பேசினார், காது அடைத்தவர்கள் பேசுவது போல. "என்னைத் தப்பா நினைக்காதே! காதுல விழுந்துட்டா நான் குடுத்தாகணும்! உனக்குக் குடுத்தா நாளைக்கு இந்தப் படகு எங்க மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு பெஞ்சு ஏத்தப் போயிரும்! நாட்டுக்கு எல்லை வேணுமா, வேண்டாமா?"

வெளியே தபேரா, "பராணிக்கோண்ணே, உங்ககிட்ட ஒரு..." என்று ஆரம்பித்தாள். சங்கு ஊதியது. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. துறையில் இருந்த பறவைகள் எல்லாம் எழுந்து போயின. அவள் நிறுத்தினால் சங்கும் நிற்கும், ஆரம்பித்தால் அதுவும் ஆரம்பிக்கும். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். சங்கு கேட்டால் ஊரில், "தபேரா வாயைத் திறந்துட்டா" என்பார்கள். பிள்ளைகள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஊளையிட்டு விளையாடினார்கள்.

பெரிய நாட்டின் ஆலோசகர் பார்லோ துரைக்கு இரக்க சுபாவம். எங்கள் மொழியை ஒலிநாடாவில் படித்தவர், அதனால் எப்போதும் செய்தி வாசிப்பது போலத்தான் பேசுவார். என்னைப் படகின் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னார்: "தங்கள் தம்பி நல்லவர் என்று அறிகிறேன். துரதிர்ஷ்டவசமாக, இது நல்லவர்களைத் தேடும் படகு அன்று. இதன் எரிபொருள் தீயவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. நல்லவர்களுக்கு அதைச் செலவிட்டால் தீயவர்களுக்கு என்ன மிஞ்சும்? சிந்தித்துப் பாருங்கள்."

சிந்தித்துப் பார்த்தேன். மேல்தளத்தில் சாயம் அடிக்கப் போனேன்.

அங்கேதான் திரை இருக்கும். பெரிய நாடு வானத்திலிருந்து பார்த்துக் கடலில் மிதப்பதையெல்லாம் புள்ளிகளாக அந்தத் திரைக்கு அனுப்பும். மொவான்ராய் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"அண்ணே, இது நான் உனக்குக் காட்டல. நீயாப் பாத்துட்ட. அந்தச் சின்னப் புள்ளியப் பாரு. மோட்டார் இல்லாம போற போக்கு அது. நீரோட்டம் போற பக்கமாவே போகுது."

அரிசி அளவு புள்ளி. எல்லையைக் காட்டுகிற சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் கடலுக்குள்ளே, இருக்கிறதா இல்லையா என்பது போல மினுங்கியது. நான் அதன்மேல் விரல் வைத்தேன். கண்ணாடி சூடாக இருந்தது.

"இதுக்குப் போகமாட்டீங்களா?"

"உள்ள இருக்கிற புள்ளி நம்ம புள்ளிண்ணே. நம்ம புள்ளியால நாட்டுக்கு ஆபத்தில்லன்னு துரை எழுதிட்டாரு. அது கோட்டைத் தாண்டி வெளிய போகணும். அப்புறம் திரும்பி உள்ள வரணும். அப்பதான் அது ஊடுருவல். ஊடுருவல்னா உடனே கிளம்பிருவோம். டேங்கு ஃபுல்லா இருக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தபேரா பாயில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் போதகரைக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து தினமும் வீட்டில் ஜெபம் நடந்தது. போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை..." என்று தொடங்கித் தயங்குவார். தபேரா எடுத்துக்கொடுப்பாள். "இன்னும் தூரமாக் கொண்டுபோம்னு சொல்லுங்க. நல்லாத் தூரமா. அவரை வெளியாளா ஆக்கும்னு சொல்லுங்க."

என் தம்பி எங்களைவிட்டு விலகிப் போகவேண்டும் என்று நாங்கள் ஊர்கூடி முழங்காலில் நின்று மன்றாடினோம். ஒரு சனிக்கிழமை புள்ளி கோட்டைத் தாண்டியது என்று மொவான்ராய் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, தபேரா அவனுக்குச் சோறும் டின் மாட்டிறைச்சியும் போட்டாள். பெண்கள் அழுதார்கள். சந்தோஷத்தில்தான்.

மேலைக்காற்று அந்த வருஷம் சீக்கிரமே திரும்பியது. புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. நிலையத்தில் எல்லோரும் துணி தேய்த்தார்கள். அமைச்சர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியக் குழு வந்தது. "நம்மிடமும் எடுத்துக்கொண்டு போக ஏதோ இருக்கிறது என்று உலகம் இன்று ஒப்புக்கொண்டிருக்கிறது" என்று அமைச்சர் பேசியபோது கை தட்டினார்கள். கயிறு எறிய ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அது கண்ணுக்குத் தெரிந்தது. பச்சைச் சாயம் அடித்த ஒட்டுப்பலகைப் படகு. துடுப்பைக் கம்பம் போல நட்டு அதில் ஒரு மஞ்சள் சட்டை கட்டியிருந்தது. சட்டை ஆடிக்கொண்டிருந்தது. சட்டைக்குக் கீழே யாரும் தெரியவில்லை. படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கிட்ட போங்க" என்றேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு மச்சான்" என்றார் பராணிக்கோ. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வாசித்தார்கள். திருட்டு மீன்பிடிக் கப்பல்காரர்கள் பேசுகிற மொழிகளில் ஒவ்வொன்றாக. கைகளைத் தூக்கு, வலையை மேலே எடு, கப்பல் தலைவன் முன்னால் வரவேண்டும். சட்டை கையை வீசி ஆட்டியது. பதில் வரவில்லை என்பதால் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்கள். எங்கள் மொழி அந்தப் பட்டியலில் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரூவாத்து! டேய்!" என்று கத்தினேன். தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது.

நான்தான் அந்தப் படகில் முதலில் இறங்கினேன். தூண்டில் கயிறு ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தது. மழைத்தண்ணீர் பாதிச் சிரட்டை இருந்தது. உட்கார்கிற பலகை, ஒருவர் இப்போதுதான் எழுந்து போன மாதிரி, நடுவில் மட்டும் உப்புப் படியாமல் இருந்தது.

மேலேயிருந்து பராணிக்கோ எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. பார்லோ துரை அவர் காதுமூடியைத் தூக்கி உள்ளே ஏதோ சொன்னார். அதன்பிறகு பராணிக்கோ அறிவித்தார்: "ஆள் தப்பிச்சுட்டான்."

நான் சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர்தான். "எங்கே தப்பிச்சான்?"

"அதைத்தான் மச்சான் கண்டுபிடிக்கணும்."

இப்படி, காணாமல்போன என் தம்பி தலைமறைவானான். அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அதுவரை துறையைவிட்டு அசையாத படகு தினமும் அவனைத் தேடிப் போனது. காலையில் வாத்தியம், மாலையில் அறிக்கை. ரூவாத்துவின் முகம் போட்ட காகிதம் மீன்சந்தையில் ஒட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நிற்கும்போது எடுத்த படம், வாய் திறந்திருக்கும். அவன் பச்சைப் படகைத் துறையில் விலங்கு மாட்டிக் கட்டினார்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். காற்றே இல்லாத நாட்களிலும் அது ஆடிக்கொண்டிருக்கும், ஓர் ஆள் கால்மாற்றி உட்காருவது போல.

வீட்டுக்கு வந்தால் பிடிக்கவேண்டும் என்று மொவான்ராயைத் தபேரா வீட்டு வாசலில் உட்காரவைத்தார்கள். ஒருநாள் விடியும்போது அவன் என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, வீட்டைச் சுத்தி ஈரக்கால் தடம். கடல்ல இருந்து வந்திருக்கு. வாசல் வரைக்கும் வந்து நின்னுருக்கு. திரும்பிப் போன தடம் இல்லண்ணே!"

போய்ப் பார்த்தேன். இருந்தது. தபேரா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வரமாட்டேங்கிறார் அத்தான்" என்றாள். "எப்படி வருவார்? வாசல்ல போலீஸ் உக்காந்திருக்கே."

"அக்கா, நான் வேணா அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்" என்றான் மொவான்ராய். "மேல சொல்லமாட்டேன். சத்தியமா."

ஆனால் சொல்லிவிட்டான், பயத்தில். நிலையம் குதூகலித்தது. குற்றவாளி கரையில் நடமாடுவது உறுதி! அதன்பிறகு ஊரில் யார் எதைப் பார்த்தாலும் அறிக்கை ஆனது. தென்னந்தோப்பில் யாரோ இருமினார்கள். தேவாலயத்தில் பாட்டின் கடைசி வரியில் ஒரு குரல் கூடுதலாகக் கேட்டது. பார்லோ துரை ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஊசி குத்தினார். தீவு முழுக்க ஊசி ஆனது. பெரிய நாட்டிலிருந்து கூடுதல் எரிபொருள் வந்தது.

எங்கள் வழக்கத்தில், செத்தவனை ஊரே கூடி வழியனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவன் போக வழி தெரியாமல் சுற்றிச்சுற்றி வருவான். அதற்குச் செத்த நாள் தெரிந்தாக வேண்டும், அதிலிருந்துதான் சடங்கு நாளை எண்ணுவோம். போதகர் நிலையத்துக்குப் போய், சடங்கு செய்யப் போகிறோம் என்று சேதியாகத்தான் சொன்னார். பார்லோ துரை வருத்தத்தோடு தலையை ஆட்டினாராம். "தேடப்படும் நபர் இறந்துவிட்டால் தேடுதல் நின்றுவிடும். தேடுதல் நின்றால் படகு நின்றுவிடும். ஒரு தனிமனிதர் தம் மரணத்தால் தேசத்தின் பாதுகாப்பைக் குலைக்க அனுமதிக்க இயலாது."

தபேரா இளைத்துப்போனாள். அவளை விதவை என்று சொல்லவும் முடியாது, பெண்டாட்டி என்று சொல்லவும் முடியாது. தினம் சாயங்காலம் ஒரு தட்டில் சோற்றை வைத்து வாசலைப் பார்த்து, "வந்துட்டுத்தான் போங்களேன்" என்பாள்.

பராணிக்கோவுக்குப் பதக்கம் கொடுக்கிற நாள் வந்தது. ஊர்க்கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பார்லோ துரை பேசினார்: "முன்னர் இந்த எல்லை தனிமையில் வாடியது. அதனை மீறுவார் எவருமிலர். இன்றோ நம்மிடம் ஒரு குற்றவாளி இருக்கிறார். அவரை இழந்துவிடாமல் காப்பது நம் கடமை." பெரியம்மா ஒருத்தி பூமாலையைப் பராணிக்கோவின் தலையில் சூட்ட வந்தாள். காதுமூடி இருந்த தலையில் மாலை உட்காரவில்லை. அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தபேரா எழுந்தாள். ஓடவில்லை. பாய்களுக்கு நடுவே நடந்துபோய் அவர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"பராணிக்கோண்ணே, உங்ககிட்ட புபூசி கேக்கறேன். படகு வேணாம். எண்ணெய் வேணாம். என் புருஷனோட சாவை எனக்குக் குடுங்க."

கூடத்தில் விசிறி ஓலைகள் நின்றன. பார்லோ துரை குனிந்து, "தாங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

பராணிக்கோ மாலை போட்ட தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு சொன்னார், "எடுத்துக்கோம்மா."

"நாளோட குடுங்க."

"அவன் போன பிறகு ரெண்டு வெள்ளிக்கிழமை துரையோட நாட்டு விமானம் படம் எடுத்துச்சு. முதல் வெள்ளி எடுத்த படத்துல நின்னுட்டிருந்தான். சட்டையக் கழட்டி வீசிட்டிருந்தான். மேல பாத்துச் சிரிக்கிறான்மா. கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைச்சிருக்கான். அப்ப உள்ளதான் இருந்தான், நம்ம கோட்டுக்குள்ள. அடுத்த நாள்தான் தாண்டினது. ரெண்டாம் வெள்ளிப் படத்துல சட்டை மட்டும்தான். நடுவுல புதன்கிழமை பெரிய அலை. அந்தப் புதனை எடுத்துக்கோ."

தபேரா அழுவாள் என்று பார்த்தோம். "சிரிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் அந்தப் புதன்கிழமையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பராணிக்கோவை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், செவித்திறன். தேடுதல் நின்றது. படகு பழையபடி துறையில் கட்டப்பட்டது. சாயம் அடிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அன்று நான் போகவில்லை. அன்றுதான் தம்பியை அனுப்பினோம்.

காய்ந்த தென்னை மட்டைகளை எடுத்துக்கொண்டு தீவின் தெற்கு முனையிலிருந்து தரையை அடித்துக்கொண்டே நடப்போம். முன்னால் போகிறவனுக்கு வழி காட்டுகிற சத்தம் அது. செத்தவர்கள் கிளம்பிப் போகிற வடக்கு முனை வரைக்கும் அடிப்பது நிற்கக் கூடாது. எல்லோரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் பராணிக்கோவும் ஒரு மட்டையோடு வந்தார், யாரும் அவரைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

வழியில் எல்லைக் காவல் நிலையம் குறுக்கிட்டது. பெரிய நாடு போட்டுக்கொடுத்த கம்பிவேலி சாலையிலிருந்து இறங்கிக் கடலுக்குள்ளே போகிறது. செத்தவர்கள் போகிற பாதை அந்த வளாகத்தின் நடுவே இருக்கிறது என்பது வேலி போட்டபோது யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் போய் வழிவிடச் சொல்லலாம் என்றார் போதகர்.

"போதும், இனிமே நான் யார்கிட்டயும் எதையும் கேக்கமாட்டேன்" என்றாள் தபேரா. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நாங்களும் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். அடிக்கத் தரை இல்லை. மட்டையைத் தண்ணீரில் அடித்தால் சளப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அது யாருக்கும் வழிகாட்டுகிற சத்தமாக இல்லை. பின்னால் ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள்.

அப்போது வேலிக்கு உள்ளே, சிமெண்டுத் தரையில், கட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. கம்பிகளுக்கு நடுவே பார்த்தேன். மொவான்ராய் பூட்சைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, குனிந்து, தன் போலீஸ் தடியால் தரையை அடித்துக்கொண்டே வளாகத்தின் குறுக்கே நடந்துகொண்டிருந்தான். அலுவலகச் சன்னலிலிருந்து யாரோ அவனை அதட்டினார்கள். அவன் நிமிரவில்லை. நாங்கள் தண்ணீரில் மெதுவாக நடந்தால் அவனும் மெதுவாக நடந்தான். அந்தச் சத்தம் எங்களுக்கு இணையாக, நின்றுவிடாமல், வடக்குப்பக்க வேலி வரைக்கும் வந்தது.